ஐஸ் பெட்டிக்கு ஒரு விளம்பரம்

எட்டிப் பார்க்கவில்லை சார், கண் தானாகப் போய்விட்டது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்போது உங்கள் ஃபோனில் ஒரு விளம்பரம் வந்ததே, பல் ஆஸ்பத்திரியோ என்னவோ, அதை ஏன் விரலால் அப்படி ஒரே தள்ளாகத் தள்ளினீர்கள்? அந்த டாக்டரம்மா பாவம், சிரித்துக்கொண்டு நின்றார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை நீங்கள். எல்லோரும் அப்படித்தான் தள்ளுவார்களா?

சும்மா கேட்டேன். சும்மா என்றால், சும்மா இல்லை. நானும் அந்த மாதிரி ஃபோனில் வந்தவன்தான். வெள்ளைச் சட்டை, கைகூப்பிக்கொண்டு, சிரித்த முகமாக. உங்களுக்கு வந்திருக்காது. வந்திருந்தால் நான் உட்காரும்போதே எழுந்து வேறு சீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியாச்சா? இல்லையா? நேரம் ஆகிறதோ என்று பார்த்தேன். ஒரு ஏஜென்சியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். விளம்பர ஏஜென்சி. ஃபோனில், கம்ப்யூட்டரில் விளம்பரம் போடுகிறவர்கள். நீங்கள் அந்த மாதிரி வேலையில் இருக்கிறவரா? இல்லையா. பரவாயில்லை. படித்தவர் மாதிரி தெரிகிறீர்கள். எந்த ஏஜென்சி நல்ல ஏஜென்சி என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அதுதான் சார் எனக்குப் பிடிபடவில்லை. கத்தரிக்காய் என்றால் காம்பைப் பார்க்கலாம்.

தொழிலா? வாடகைக்கு விடுகிறேன். பெட்டி. மைக்செட் பெட்டி இல்லை, ஐஸ் பெட்டி. மீன் வைக்கிற பெட்டி இல்லை சார், ஆளை வைக்கிற பெட்டி. எழவு வீட்டுக்கு.

இதோ, நகர்ந்துவிட்டீர்கள் பார்த்தீர்களா. கால் நீட்ட இடம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பழக்கம்.

பேர் சிவனாண்டி. தேனியில் ஐஸ் பெட்டி சிவனாண்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். என் நம்பரை யாரும் என் பேரில் வைத்துக்கொள்வதில்லை. ரேஷன் கடைக்காரர் ஃபோனில் நான் 'கரண்ட் ஆபீஸ்'. வக்கீல் ஒருத்தர் 'சிவா ஃப்ரிட்ஜ் ரிப்பேர்' என்று போட்டு வைத்திருந்தார். ஒருநாள் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் நிஜமாகவே கெட்டுப்போய், அவர் சம்சாரம் எனக்கு ஃபோன் போட்டுவிட்டது. "அண்ணே, காலையிலேயே நின்னுபோச்சுண்ணே" என்றது அந்தம்மா. நான் பழக்கத்தில், "மனசத் தேத்திக்கங்கம்மா, பிளக் பாயின்ட் ஹால்ல இருக்கா?" என்றேன். சிரிக்கலாம் சார், சிரியுங்கள். அந்தம்மாவும் பிறகு சிரித்திருக்கும்.

வேலை சுத்தமாகச் செய்வேன். அதில் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. பெட்டியை இறக்கினோம், வயரைச் சொருகினோம், கிளம்பினோம் என்று வருகிறவன் இல்லை நான். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். மேல்கண்ணாடி வேர்க்கும், சார். கூட்டம் கூடிவிட்டால், அழுகிறவர்கள் மூச்சுப் பட்டுப் பட்டு, உள்ளே இருக்கிற முகம் மங்கிப்போகும். ஓரமாக நின்று அதைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். வெளியூரிலிருந்து ஓடி வருகிற பிள்ளை முதல் தடவை குனிந்து பார்க்கும்போது முகம் தெளிவாகத் தெரிய வேண்டாமா? அதற்காக. துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். என் முகத்தை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். மறுநாள் கடைவீதியில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வார்கள். பெட்டியோடு காத்திருக்கிற நேரத்தில் லைப்ரரி புத்தகமாகப் படித்துத் தள்ளியிருக்கிறேன். எதிலும் என் மாதிரி ஒரு ஆள் வரவே இல்லை. சரி, அது கிடக்கட்டும்.

விளம்பரம் எதற்கு என்கிறீர்கள். என் சம்சாரமும் இதையேதான் கேட்டாள். அழகுராணி என்று பேர். "எழவு வீட்டுக்காரன் ஃபோன்ல தேடிக்கிட்டா இருப்பான்?" என்றாள். தேடுகிறார்களே சார்! மகன் துபாயில் இருக்கிறான், மகள் சென்னையில் இருக்கிறாள், அங்கேயிருந்தே ஃபோனைத் தட்டிப் பெட்டி சொல்லிவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே, என் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், ஒரு பெரியவர் போனார். நான் வேட்டியைக் கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறேன். வந்தது யார்? மதுரைக்காரன் வண்டி. பூப் படமெல்லாம் போட்டு, கண்ணாடி மாதிரி பளபளவென்று. என் வாசலைத் தாண்டித்தான் போனது. டிரைவர் என்னிடமே வழி கேட்டான் சார். நானும் சொன்னேன்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். நாமும் ஃபோனுக்குள் போய்விட வேண்டும்.

முதலில் பார்த்தது பெனிட்டா என்று ஒரு பெண். போடி ரோட்டில் வீட்டிலேயே இருந்துகொண்டு இந்த வேலை செய்கிறது. ஆபீஸ் கிடையாது. தையல் மிஷின் மேலே லேப்டாப். தண்ணீர் கொடுத்தது, எவர்சில்வர் டம்ளரில். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நேரங்கெட்ட நேரத்துல ஃபோன் வந்தா யாரு சார் எடுப்பாங்க?" என்றது. என் சம்சாரம்தான் என்றேன். "எப்படிப் பேசுவாங்க?" எப்படிப் பேசுவாள், மெதுவாகப் பேசுவாள், எந்தத் தெரு என்று கேட்பாள், வந்துவிடுவார் என்பாள். "அப்ப அதுவே போதும் சார். மேப்புல உங்க நம்பர் சரியா இருக்கணும், அதைப் பண்ணித் தர்றேன். உங்க படம் வேண்டாம். தேடி வர்றவங்க கண்ணுக்குத் தெரிஞ்சா போதும். தேடாதவங்க கிட்ட நாமளா போகக் கூடாது" என்றது.

படம் வேண்டாமாம்! கேட்டீர்களா? இருபது வருஷத்துக்கு மேலே ஓரமாக நின்று துடைத்துவிட்டு ஒதுங்கியவனைப் பார்த்து, இன்னும் ஒதுங்கு என்கிறது அந்தப் பெண். இதுவும் அருவருப்புப் படுகிற கேஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அடுத்தது மதுரை. பேர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். முதலாளிப் பையன் பேர் கௌஷிக். தொழில் என்ன என்று சொன்னேன். சொன்ன பிறகும், சார், கவனியுங்கள், சொன்ன பிறகும் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து கையை நீட்டினான். நான் என் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். அவன் உடனே விட்டுவிடவில்லை. பிடித்துக் குலுக்கினான். "வாவ் சார், எவ்ளோ பெரிய சர்வீஸ் பண்றீங்க!" என்றான். பீங்கான் கோப்பையில் காபி.

இரண்டு ஏஜென்சியையும் வைத்து யோசித்துப் பார்த்துத்தான் முடிவு பண்ணினேன். அவசரப்படவில்லை. படியிறங்குவதற்குள் யோசித்துவிட்டேன்.

"உங்க பிராண்டுக்கு ஒரு முகம் வேணும் சார். உங்க முகம் செம ட்ரஸ்ட்" என்றான். ஃபோட்டோக்காரன் வந்தான். "அண்ணே, கொஞ்சம் சிரிங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிப் பக்கத்தில் நின்று சிரித்துப் பழக்கமில்லையே. "நல்ல விசேஷம் எதையாவது நெனச்சுக்கங்கண்ணே" என்றான். மகளுக்கு நடக்கப்போகிற கல்யாணத்தை நினைத்துக்கொண்டேன். வந்துவிட்டது சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் ஊரெல்லாம் போனது.

அதன் பிறகு கௌஷிக் ஒரு மேப்பைக் காட்டினான். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை வரைக்கும். அதில் அங்கங்கே சிவப்பு வட்டம். என்ன தம்பி இது என்றேன். "பெரிய ஆஸ்பத்திரி எல்லாத்தையும் சுத்தி வட்டம் போட்டாச்சு சார். இந்த வட்டத்துக்குள்ள யாரு ஃபோனைத் தொறந்தாலும் நீங்கதான். தேவை எங்க இருக்கோ அங்க நாம இருக்கணும்." எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. "அது தப்பா இருக்காதா தம்பி? அங்கெல்லாம் நான் போறதில்ல" என்றேன். "நீங்க நேர்லயா சார் போகப் போறீங்க?" என்றான். நியாயமாகத்தான் பட்டது. தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. தலையை மட்டும்தான் ஆட்டினேன். கையெழுத்து வாங்கினார்கள், அது எல்லோரிடமும் வாங்குவதுதான்.

கண்டக்டர், உசிலம்பட்டி எவ்வளவு நேரம்? இல்லை, இறங்கவில்லை. சும்மா கேட்டேன்.

முதலில் நன்றாகத்தான் போனது. தினமும் காலையில் என் படம் போட்டு 'இனிய காலை வணக்கம்' என்று அனுப்பினார்கள். தீபாவளிக்கு வாழ்த்து. 'உங்களுக்காக என்றும் காத்திருக்கும் சிவனாண்டி' என்று கீழே எழுதியிருந்தது. டீக்கடைக்குப் போகிறேன், மாஸ்டர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "யோவ் சிவனாண்டி, வாழ்த்து வந்துச்சு, சந்தோஷம். ஆனா காத்திருக்காதய்யா!" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒன்று சொல்கிறேன் சார், அந்தக் கடையில் அதற்கு முன்னால் என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'இந்தா, அந்த ஆளுக்கு ஒரு டீ' என்றுதான் சொல்வார்கள். விளம்பரம் வேலை செய்கிறதா இல்லையா?

அழகுராணி மட்டும் நிறுத்து நிறுத்து என்றாள். அவளுக்குத் தொழில் விருத்தி தெரியாது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உசிலம்பட்டியில் என் மச்சான் இருக்கிறார். அழகுராணிக்கு மூத்தவர். ஒச்சப்பன் என்று பேர். வைக்கோல் வியாபாரம். அவர் பேசினால் லாரி ஸ்டார்ட் பண்ணின மாதிரி இருக்கும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஒதுங்கிவிட்டது. என் வீட்டில் கை நனைக்க ஒருத்தர் இல்லை. மச்சான் மட்டும் பஸ் ஏறி வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நடுவீட்டில் உட்கார்ந்து, "மாப்ள, நீயே சோத்தப் போடு. இவ போட வேணாம். உன் கையால போடு" என்றார். போட்டேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். போய்ச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும், "அவன் கையில சாப்பிடாதவன் என் வீட்டுப் பக்கமும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சொந்தபந்தம் என்று ஒன்று திரும்பி வந்தது.

என் மகள் லாவண்யாவை அவர் மகன் மதனுக்கு என்று பேசி வைத்திருந்தோம். முறைதானே. பிள்ளைகளுக்கும் இஷ்டம். கார்த்திகையில் பூ வைக்கிறதாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மச்சானுக்கு நெஞ்சு வலி வந்து மதுரையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அழகுராணி அழுதுகொண்டே ஓடினாள். நான் போகவில்லை.

அப்படிப் பார்க்காதீர்கள் சார். காரணம் இருக்கிறது. நான் யார் வீட்டுக்கும் நோய் பார்க்கப் போகமாட்டேன். என் தொழிலில் அது ஒரு மரியாதை. ஆரம்பத்தில் ஒரு தடவை போனேன். முத்தையா வாத்தியார் என்று, எங்கள் தெருதான், படுத்த படுக்கையாக இருந்தார். வாத்தியார் என்கிற பிரியத்தில் போனேன். என்னைப் பார்த்ததும், "என்னப்பா, அளவெடுக்க வந்தியா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்குகிறது. அவர் சம்சாரம் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். அன்றோடு சரி. உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரி பக்கம் தலை வைக்கமாட்டேன். ஃபோன் பண்ணி எப்படி இருக்கிறார் என்றுகூடக் கேட்கமாட்டேன். என் நம்பரிலிருந்து மணி அடித்தால் அந்த வீட்டுக்காரர்களுக்கு எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள். மச்சானுக்கும் அதே மரியாதையைத்தான் கொடுத்தேன். கூடுதலாகவே கொடுத்தேன். வேலைக்குப் போகாமல், சாப்பிடாமல், வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். அது யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரியில் ஐசியூ வாசல் வராந்தா. அழகுராணி ஒரு பக்கம், மதன் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். பையன் என்ன செய்வான், ஃபோனை எடுத்துத் தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறான். வந்து நின்றேன் நான்.

கைகூப்பிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. 'உங்கள் அன்புக்குரியவருக்காக மிக அருகில் சிவனாண்டி. இன்றே முன்பதிவு செய்யுங்கள்.' முன்பதிவு, சார்! பஸ்ஸில் சீட்டுப் போடுகிற மாதிரி.

மதன் ஃபோனை அத்தையிடம் நீட்டியிருக்கிறான். அழகுராணி வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அவன் ஃபோனில் மட்டுமா வந்தது? வட்டத்துக்குள் இருக்கிற எல்லோருக்கும் வருமே. அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோர் கையிலும் நான்தான். கீழே துணி விரித்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், மகனுக்காகக் காத்துக்கிடக்கிறவள், அழகுராணியிடம் ஃபோனைக் காட்டி, "இந்தா தாயி, திரும்பத் திரும்ப இந்த ஆளே வந்து நிக்கிறானே, யாருத்தா இவன்?" என்று கேட்டிருக்கிறாள்.

என் சம்சாரம் என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? "தெரியலையேம்மா."

எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்! தெரியவில்லையாம்.

உடனே கௌஷிக்குக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். என்னய்யா வேலை பார்த்திருக்கிறாய், என் சொந்த மச்சான் வாசலில் போய் நிற்க வைத்துவிட்டாயே என்றேன். அவன் கேட்கிறான், "ஐசியூ வாசல்லயா சார்? சூப்பர் சார்! கரெக்டான ஆளுக்கு, கரெக்டான நேரத்துல போயிருக்கு பாருங்க!" அந்தப் பையனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. கையைப் பிடித்துக் குலுக்கினவன் ஆயிற்றே என்று என் கோபமும் பாதியில் அடங்கிவிட்டது. ஒப்பந்தத்தை மட்டும் முறித்துக்கொண்டேன்.

மச்சான் பிழைத்துவிட்டார் சார். நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறாராம். குரல்தான் இறங்கிவிட்டது என்கிறார்கள்.

அழகுராணி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவளிடம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். "விளம்பரம் வந்துச்சு. மாப்ள வரலையே."

எவ்வளவு குத்தல் பார்த்தீர்களா? மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறார். விளம்பரத்தை மறக்கவில்லை அவர். அதை எவன் கண்டுபிடித்தானோ! அந்த ஒரு விளம்பரத்தால் என் மகள் வாழ்க்கையே அந்தரத்தில் நிற்கிறது. கார்த்திகையில் பூ வைக்கிறது தள்ளிப்போனது. தை பிறக்கட்டும் என்றார்கள். தை பிறந்தது, போயும்விட்டது. இன்னும் ஒரு தகவலும் இல்லை. லாவண்யா என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டது. போன வாரம் சாப்பாடு வைக்கும்போது, "அப்பா, ஒரு தடவை நீங்க நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருங்கப்பா" என்றது. சின்னப் பிள்ளை, அதற்கு இந்த மரியாதையெல்லாம் எங்கே தெரியும். "பாத்தா என்னப்பா ஆயிரும்? பாக்காமத்தான் இவ்ளோ ஆயிருக்கு" என்கிறது. தாயும் மகளும் ஒரே பேச்சு. விஷயம் விளம்பரத்தில் இருக்கிறது சார், விளம்பரத்தைத்தான் சரிபண்ண வேண்டும். இவர்களுக்குப் புரியவில்லை.

அதற்குத்தான் இந்தப் புது ஏஜென்சி. கெட்டுப்போன பேரைச் சுத்தம் பண்ணித் தருகிறார்களாம். பழைய படத்தையெல்லாம் கீழே அமுக்கிவிட்டு, நல்லதாக மேலே கொண்டுவருவார்களாம். ஃபோனில் பேசின பையன் தன்மையாகத்தான் பேசினான். ஆனால் ஒரு இடத்தில் மாட்டிவிட்டான். "உங்களைப் பத்தி நல்லா சொல்ல ஒரே ஒரு ஆள் வேணும் சார். கஷ்டமான நேரத்துல இவர் வந்து நின்னாருன்னு, கேமரா முன்னாடி மனசுல இருந்து சொல்லணும். ஒரு ஆள் போதும்" என்றான்.

ஒரு ஆள்! தலையைப் பிய்த்துக்கொள்கிறேன் சார். எத்தனை வீட்டில் நின்றிருக்கிறேன். எத்தனை முகத்தைத் துடைத்துக் காட்டியிருக்கிறேன். யாரைக் கேட்பது? அப்பாவை வைத்த பெட்டிக்காரனைப் பற்றிக் கேமரா முன்னால் எவன் பேசுவான்? கேட்டால் செருப்பால் அடிப்பான். ரேஷன் கடைக்காரரிடம் ஜாடையாகக் கேட்டேன். "உன்னைய எனக்குத் தெரியும்னு நான் ஏம்ப்பா ஊருக்குச் சொல்லணும்?" என்றார். வக்கீல் ஃபோனையே எடுக்கவில்லை. ஏறி உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன். வெறும் கையோடு போனால் அந்தப் பையன் என்ன நினைப்பான்?

நான் ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ளமாட்டீர்களே? உங்களுக்கு நல்ல முகம். எல்லாக் கதையும் கேட்டுவிட்டீர்கள். என்னோடு வந்து இரண்டு வார்த்தை... பொய் இல்லை சார், எங்கள் சித்தப்பாவுக்கு இவர்தான் வந்தார் என்று... சரி. சரி, வேண்டாம். நீங்கள் சொல்வது சரிதான். சித்தப்பா நன்றாக இருக்கட்டும். தெரியாமல் கேட்டுவிட்டேன்.

என்ன சொன்னீர்கள்?

மச்சானையே கேட்கலாமே என்றா?

மச்சானையா! அவர் எப்படி... அவர் என்ன சொல்லுவார் சார்? கஷ்டமான நேரத்தில் இவர் வந்து நின்றார் என்றா? வரலையே என்பார். நான் சோறு போட்டதைச் சொல்லுவார், அது வேறு. அது நடந்து எவ்வளவோ காலம். அந்தக் குரல் இருந்தால் ஊருக்கே கேட்கும். இப்போது குரல் இல்லை என்கிறார்களே. எப்படி இருக்கும்? மச்சானுக்குக் குரல் இல்லாமல் எப்படி இருக்கும்? என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் உள்ளே போனதும் முத்தையா வாத்தியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றால்? அதைச் சொல்லுங்கள். வேறு யார் திருப்பினாலும் சரி. அவர் திருப்பினார் என்றால் நான் எங்கே போவேன்?

உசிலம்பட்டி வந்துவிட்டதா? இதுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது சந்து. வைக்கோல் வாசனை வரும், அதை வைத்தே போய்விடலாம்.

பத்து நிமிஷம் நிற்கும் என்கிறானே. பத்து நிமிஷத்தில் முடிகிற பேச்சா? இல்லை. அடுத்த வண்டியில் வந்துகொள்கிறேன். ஏஜென்சிப் பையன் கூப்பிட்டால் வண்டி நின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். வீடியோவுக்காகத்தான் போகிறேன், வேறு ஒன்றுக்கும் இல்லை. நீங்கள் சொன்ன யோசனைதான். அவர் ஒத்துக்கொண்டால் நல்லது. ஒத்துக்கொள்ளாவிட்டால், திட்டட்டும். கேமரா இல்லாமல் முதலில் ஒரு தடவை திட்டட்டும். கொஞ்சம் காலை நகர்த்துங்கள். அந்தப் பை என்னுடையது.

சார்! சார், இந்தப் பக்கம், ஜன்னல் பக்கம். இறங்கின பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், வண்டியை எடுக்கப்போகிறான். உடம்புக்கு முடியாமல் இருக்கிறவரைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் என்ன வாங்கிக்கொண்டு போவார்கள்? ஆப்பிளா, ஆரஞ்சா? இல்லை, ஹார்லிக்ஸா? சிரிக்காதீர்கள் சார், நிஜமாகவே தெரியவில்லை. எனக்கு மாலை வாங்கித்தான் பழக்கம்.